கல்லூரிச் சுவருக்குள் கிளிஞ்சல்

கும்மிடிப்பூண்டியிலோ பொன்னேரியிலோ காலை மின்ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் படிக்கப் போகும் அண்ணனோ அக்காவோ உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தால், ஒரு நாள் அவருடன் போய் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். கடலைப் பார்த்து நிற்கும் சிவப்புக் கட்டடம் அது. சர் சி. வி. இராமனும், வானியல் அறிஞர் சந்திரசேகரும் படித்தது அங்கேதான். அதன் செங்கற்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது எது தெரியுமா? சிமெண்டு அல்ல; சுண்ணாம்பு.

கட்டடத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1840இல் ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கி, 1855இல் மாநிலக் கல்லூரி என்று பெயர் பெற்றது இந்நிறுவனம். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. கல்லூரிக்குத் தகுந்த கட்டடம் வேண்டும் என்று 1864இல் போட்டி வைத்தார்கள். வென்றவர் இராபர்ட் சிசம் என்ற இளம் கட்டடக் கலைஞர். 1867இல் வேலை தொடங்கி, 1870இல் எடின்பரோ கோமகன் கட்டடத்தைத் திறந்துவைத்தார். அருகில் ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை இருந்தது. அதன் சாயல் தம் கட்டடத்திலும் சற்றே தெரிய வேண்டும் என்று சிசம் விரும்பினார். 1874 முதல் 1879 வரை அவர் எழுப்பிய பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் அந்தச் சாயல் முழுமையாக மலர்ந்தது. (மாநிலக் கல்லூரியின் உச்சியில் உள்ள நான்குமுகக் கடிகாரம் சிசம் வைத்ததல்ல, 1940இல் நூற்றாண்டையொட்டி வந்தது.)

இனி சுண்ணாம்புக்கு வருவோம். அதற்கு நீங்கள் சென்னையில் நிற்க வேண்டாம். உங்கள் பக்கத்துப் பழவேற்காட்டுக்கே திரும்பலாம். ஏரியின் சேற்றுக்கு அடியில் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செத்த சிப்பிகளின் ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இப்படிக் கடற்கரையிலும் கழிகளிலும் வாரிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுத்தான் அந்நாளில் சுண்ணாம்பு எடுத்தார்கள். அதைக் கொண்டு பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் சலவைக்கல்போல் பளபளக்கும். ‘மெட்ராஸ் சுண்ணம்’ என்று அது வெளிநாட்டவரிடமும் பெயர் பெற்றிருந்தது.

கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டிலிருந்து 44 கிராம் வாயு போய், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். இதில் நீர் ஊற்றினால் ‘சுர்’ரென்று கொதித்துப் பொடியும். (கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.) அதுவே நீற்றுச் சுண்ணாம்பு. அதனுடன் மணல் சேர்த்து, மாடு இழுக்கும் செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுச் சாந்தாக்குவார்கள். மெருகுப் பூச்சில் முட்டையின் வெள்ளைக் கருவையும் சேர்ப்பதுண்டு. சாப்பிடும் பொருளைச் சுவரில் பூசுகிறார்களே என்று முதலில் கேட்டபோது எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது!

சுவரில் ஏறிய சாந்து என்ன செய்கிறது? காளவாயில் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெறுகிறது. கனத்த சுவரானால் இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். முடிவில் கிடைப்பது மறுபடியும் கால்சியம் கார்பனேட்டே. அதாவது, ஏரியில் கிடந்த ஓடு பொடியாகி, சாந்தாகி, செங்கல் இடுக்கில் மீண்டும் ஓடாகிவிடுகிறது.

சிமெண்டு இதைவிட வலுவானதாயிற்றே, பழைய சுவர் விரிசலை அதைக் கொண்டு அடைத்தால் என்ன என்று கேட்பீர்கள். பல இடங்களில் அப்படித்தான் அடைத்தார்கள், கெட்டது அங்கேதான். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தரையின் ஈரம் செங்கல் வழியே மேலேறும். கடலோரத்தில் அந்த ஈரத்தில் உப்பும் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உள்ளதால் ஈரம் அதன் வழியே ஆவியாகிவிடும். உப்பு பூச்சிலேயே பூக்கும். பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்டோ இறுகி அடர்ந்தது. ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லுக்குள்ளேயே தங்கும். உப்பு அங்கே படிகமாகிச் செங்கல்லையே பொரிய வைக்கும். சாந்து கெட்டியாக நிற்க, செங்கல் மாவாய் உதிர்வதைக் கண்டிருக்கிறேன். தவிர, சுண்ணாம்புக் காரையில் மயிரிழை விரிசல் விழுந்தால், மழைநீரில் சிறிது கரைந்த சுண்ணாம்பே அங்கு படிந்து அதை மூடிவிடும்.

இந்தியாவில் சிமெண்டு செய்ய 1904இல் சென்னையில் ஒரு முயற்சி நடந்தது. மூலப்பொருள் என்ன தெரியுமா? அதே கடற்கிளிஞ்சல்! அம்முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில்தான் வெற்றி கிடைத்தது. பிறகு சுண்ணாம்பு அரைக்கும் செக்குகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தக் கைப்பழக்கமும் கொத்தனார்களை விட்டுப் போகத் தொடங்கியது.

2012 ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மகால் தீப்பிடித்து எரிந்தது. அதைச் சீரமைத்தபோது பொதுப்பணித் துறையினர் சிமெண்டை விலக்கிச் சுண்ணாம்புச் சாந்தையே நாடினார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்களைத் தேடவேண்டியிருந்தது.

உங்கள் ஊரிலும் இடிந்த பழைய காரை வீடு ஒன்று இருக்கும். கீழே உதிர்ந்து கிடக்கும் காரைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரைச் சுரண்ட வேண்டாம். அதன்மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். பழவேற்காட்டுக் கிளிஞ்சல் ஒன்றின்மேலும் விடுங்கள். இரண்டிலும் குமிழ்கள் எழும். இரண்டிலிருந்தும் வருவது கரியமில வாயுவே.