நறுமணமா, நாற்றமா? கஞ்சாப் புகையும் உலகத்தார் தீர்ப்பும்

'நாற்றம்' என்னும் சொல்லை இன்று யாரேனும் நம்மை நோக்கிக் கூறினால், உடனே சட்டையை முகர்ந்து பார்ப்போம். வள்ளுவர் காலத்தில் அச்சொல்லுக்கு இந்தப் பழி இல்லை. மலரின் மணத்தையும் அவர் நாற்றம் என்றே குறித்தார். ஐம்புலன்களை எண்ணும் இடத்திலும் அச்சொல்லையே ஆண்டார். அன்று நாறுதல் என்றால் மணம் வீசுதல். பின்னர் மலரும் மாறவில்லை, மனிதனின் மூக்கும் மாறவில்லை. சொல்லின்மேல் சமுதாயம் ஏற்றிவைத்த மதிப்பு மட்டும் மாறிவிட்டது.

ஒரு சொல்லுக்கு நேர்ந்த இந்தக் கதி ஒரு மணத்துக்கே நேர்வதும் உண்டு. கஞ்சாப் புகையின் மணம் அதற்கு நல்ல சான்று. ஓரிடத்தில் அது வழிபாட்டுப் புகை. மற்றோரிடத்தில் குற்றத்தின் தடயம். இன்னோரிடத்தில் அடுத்த வீட்டாரோடு மூளும் வழக்கு. கஞ்சா புகைப்பது சரியா தவறா என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் தீமைகளை மருத்துவர்கள் சொல்வர். நம் நாட்டில் அது குற்றம் என்பதை யாவரும் அறிவோம். அந்த மணத்துக்கு உலகத்தார் எவ்வாறு தீர்ப்பு எழுதினர், அத்தீர்ப்பு யார் தலையில் விழுந்தது என்பதையே இங்கே காண்போம்.

மூக்கு அறிவது எது?

முதலில் மணத்தின் இயல்பைப் பார்ப்போம். கஞ்சாவில் போதை தரும் முதன்மைப் பொருளுக்கு மணம் இல்லை. மணத்தைத் தருபவை 'டெர்பீன்' எனப்படும் எளிதில் ஆவியாகும் பொருள்கள். அவற்றுள் மிர்சீன் மாம்பழத்திலும் உண்டு. லிமோனீன் எலுமிச்சைத் தோலில் உண்டு. காரியோபிலீன் நம் வீட்டு மிளகிலும் கிராம்பிலும் உண்டு. ஆக, அஞ்சறைப் பெட்டியைத் திறக்கும்போது நாம் முகரும் பொருள்களிற் சில இச்செடியிலும் இருக்கின்றன. மூக்கைத் துளைக்கும் அந்தக் காட்டமான நெடி மட்டும் வேறு. கந்தகம் கலந்த சில சேர்மங்கள் மிகச் சிறிய அளவில் இருந்துகொண்டு அந்நெடியை உண்டாக்குகின்றன என்று 2021இல் வேதியியலார் கண்டறிந்தனர். வெயிலில் வைத்த பீர் கெட்டு நாறுவதற்கும் அவற்றுள் ஒரு சேர்மமே காரணம். பீருக்குக் கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் கொடியும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதையும் நினைவிற் கொள்க. அந்த உறவு பின்னால் நமக்குப் பயன்படும்.

இனி, மணத்தை விரும்புவதும் வெறுப்பதும் நாட்டுக்கு நாடு வேறுபடுமா? 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. வேட்டையாடி வாழ்வோர் முதல் நகரவாசிகள் வரை ஒன்பது வேறுவேறு பண்பாடுகளைச் சேர்ந்த 225 பேரிடம் சில மணங்களைக் கொடுத்து, விருப்பப்படி வரிசைப்படுத்தச் சொன்னார்கள். வரிசைகளில் காணப்பட்ட வேறுபாட்டில் பண்பாட்டின் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடுதான். மணப்பொருளின் மூலக்கூறு அமைப்பும் தனி மனிதரின் விருப்பு வெறுப்புமே மிகுதியைத் தீர்மானித்தன.

அப்படியானால் பண்பாட்டுக்கு வேலையே இல்லையா? உண்டு. அந்த ஆய்வில் மணங்களுக்குப் பெயர் சொல்லப்படவில்லை. 2001இல் நடந்த வேறோர் ஆய்வில் ஒரே மணத்தைச் சிலமுறை பாலாடைக்கட்டி என்றும் சிலமுறை வாந்தி என்றும் பெயர் சொல்லி முகரச் செய்தார்கள். பாலாடைக்கட்டி என்றபோது நுகர்ந்து மகிழ்ந்தவர்கள், வாந்தி என்றபோது முகம் சுளித்தார்கள். மூக்கைவிடப் பெயருக்கு வலிமை அதிகம். பெயர் சூட்டும் வேலையைத்தான் சமுதாயம் செய்கிறது.

வழிபாட்டுப் புகை

கஞ்சாப் புகைக்கு முதலில் சூட்டப்பட்ட பெயர்கள் மதிப்பானவையே. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த சித்தியர்களைப் பற்றி எழுதுகிறார். இறந்தவரை அடக்கம் செய்தபின் தம்மைத் தூய்மைப்படுத்திக்கொள்ள அவர்கள் கம்பளிக் கூடாரத்துள் புகுந்து, பழுக்கக் காய்ச்சிய கற்களின்மேல் சணல் விதைகளைத் தூவுவார்களாம். எழும் ஆவியில் களித்துக் கூவுவார்களாம். கிரேக்க நாட்டு வெந்நீராவிக் குளியல் எதுவும் அதற்கு ஈடாகாது என்று அவர் சேர்த்துச் சொல்கிறார். இது வெறுங்கதை என்று ஒதுக்க முடியாதபடி, 1940களின் இறுதியில் அல்தாய் மலைப் பகுதியில் பசிரிக் என்னும் இடத்துக் கல்லறைகளை அகழ்ந்தபோது கற்கள் நிறைந்த வெண்கலக் கலங்களும் கருகிய கஞ்சா விதைகளும் கிடைத்தன.

பழைய யூதேயா நாட்டுச் செய்தி இன்னும் வியப்புக்குரியது. இன்றைய இஸ்ரேலில் உள்ள அராத் என்னும் பழங்கோட்டையின் கோயிலில் இரண்டு பலிபீடங்கள் இருந்தன, காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு. அவற்றின்மேல் படிந்திருந்த கரியை ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய பீடத்தில் எரிந்தது பறங்கிச் சாம்பிராணி. சிறிய பீடத்தில் எரிந்தது கஞ்சா. இரண்டு புகையும் ஒரே கருவறை வாயிலில் அருகருகே எழுந்திருக்கின்றன!

நம் நாட்டில் வடக்கே சாதுக்கள் சிலும்பி என்னும் மண்குழலில் கஞ்சா புகைப்பதும், அப்போது சிவனை விளித்து முழங்குவதும் பலர் அறிந்தவை. நேபாளத்தில் அரசு 1973இல் கஞ்சா உரிமங்களை நீக்கிவிட்டது. இருந்தும் சிவராத்திரி அன்று காட்மாண்டு பசுபதிநாதர் கோயில் வளாகத்தில் சாதுக்களைச் சூழ்ந்து அந்தப் புகை எழத்தான் செய்கிறது. அதே புகையைத் தம் மகனின் அறையில் உணர்ந்தால், சாதுவை வணங்கிவிட்டு வந்த அதே தந்தை கொதித்தெழுவார். இதில் முரண் ஏதும் இல்லை. இருவரிடத்திலும் வீசும் மணம் ஒன்று; அது சுட்டும் மனிதர் வேறு.

கூலியின் புகை

மணத்தை வைத்து மனிதரை அளக்கும் வழக்கம் காலனி ஆட்சியில் சட்டமாயிற்று. நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் இந்தியக் கூலிகளை ஏற்றிச் சென்ற 'ட்ரூரோ' கப்பல் 1860இல் சென்னையிலிருந்துதான் புறப்பட்டது. அதிற் சென்றவருள் தமிழர் பலர். தென்னாப்பிரிக்க மண்ணின் மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே 'டாகா' என்ற பெயரில் கஞ்சாவைப் புகைத்து வந்தனர். ஆயினும் 1870இல் நேட்டால் அரசு இயற்றிய சட்டம், கூலிகள் அதைப் புகைப்பதையும் வைத்திருப்பதையும் கூலிகளுக்கு அதை விற்பதையும் கொடுப்பதையும் குறிப்பாகத் தடுத்தது. கூலிகளின் நிலையை ஆராய்ந்த ராக் குழு 1887இல் தந்த அறிக்கை காரணத்தை மறைக்கவில்லை: எந்த வேலைக்காக அவன் கொண்டுவரப்பட்டானோ அந்த வேலையை முதலாளி நிறைவுறும்படி செய்ய முடியாமற் போகிறதாம். கூலியின் உடல்நலத்தைவிடத் தோட்டத்தின் ஆதாயமே அங்கே பெரிதாயிற்று.

ஜமைக்காவுக்கு 1845 முதல் இந்தியத் தொழிலாளர் சென்றனர். அவர்களோடு 'கஞ்சா' என்ற சொல்லும் சென்றது; இன்றும் அத்தீவின் மக்கள் நாம் சொல்லும் சொல்லை ஒட்டியே அதை அழைக்கிறார்கள். 1913இல் அங்கே தடைச்சட்டம் வந்தது. 1930களில் தோன்றிய ராஸ்தஃபாரி சமயத்தார் அதைப் புனிதப் பொருளாகக் கொண்டனர். தங்கள் வழிபாட்டு மணமே தங்களைக் காட்டிக்கொடுக்கும் நிலையில் அவர்கள் பல்லாண்டுகள் வாழ்ந்தார்கள். 2015இல்தான் அவர்களின் சமயப் பயன்பாட்டுக்குச் சட்டம் இடந்தந்தது.

இதே ஆங்கில ஆட்சி இந்தியாவில் 1893இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அக்குழு, அளவான பயன்பாட்டால் பெருங்கேடு இல்லையென்றும் முழுத் தடை வேண்டாமென்றும் எழுதியது. பிற்காலத்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவையும் சரஸையும் தடை செய்தது. எனினும் பூவும் காயும் சேராத தனி இலையைக் கஞ்சா என்னும் வரையறையினின்றும் விலக்கிவைத்தது. எனவே உத்தரப் பிரதேசத்தில் இலையை அரைத்துச் செய்யும் பாங்கு உரிமம் பெற்ற கடையில் விற்கப்படுகிறது. பாலிற் கலந்து குடித்தால் திருவிழா. சிலும்பியில் இட்டுப் புகைத்தால் குற்றம். பாங்கு குடித்தவரின் போதை அவரோடு நிற்கிறது. புகையோ தெருவெங்கும் சென்று தன்னைப் பறைசாற்றுகிறது.

சாட்சிக் கூண்டில் மூக்கு

இந்தப் பறைசாற்றலைச் சட்டத்தின் கருவியாக மிகுதியும் பயன்படுத்திய நாடு அமெரிக்கா. 1937இல் அந்நாட்டு நடுவண் அரசு கஞ்சாவின்மேல் கடும் வரிச்சட்டம் கொண்டுவந்தது. மெக்சிகோவிலிருந்து வந்தவர்களையும் கறுப்பின மக்களையும் பற்றிய அச்சப் பிரசாரம் அதற்கு முன்னோடியாக இருந்தது. நாளடைவில், 'கஞ்சா வாடை வந்தது' என்று காவலர் ஒருவர் சொன்னால் போதும், ஒருவரின் வண்டியைச் சோதனையிடலாம் என்ற நிலை வந்தது. மணத்தைக் கோப்பில் வைக்க முடியாது. படம் பிடிக்க முடியாது. நீதிபதி முகர்ந்து சரிபார்க்கவும் முடியாது. காவலரின் சொல்லே சான்று. கறுப்பினத்தாரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில் கஞ்சாவைப் பயன்படுத்தியும், கறுப்பினத்தார் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைப் போல 3.6 மடங்கு என்று அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம் 2020இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. மூக்கு நிறம் பார்க்காது. மூக்கை உடையவர் பார்ப்பார்.

பல மாநிலங்கள் கஞ்சாவை அனுமதித்தபின் இந்தச் சான்று ஆட்டங்கண்டது. நியூயார்க் மாநிலம் 2021இல் இயற்றிய சட்டம், மணம் ஒன்றையே காரணமாகக் காட்டிச் சோதனையிடுவதை விலக்கியது. இல்லினாய் மாநிலத்தின் வழக்கு மேலும் சுவையானது. எரிந்த கஞ்சாவின் மணம் மட்டும் வண்டியைச் சோதனையிடப் போதாது என்று அதன் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. எரியாத பச்சைக் கஞ்சாவின் மணம் போதும் என்று அதே நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. வண்டியில் கொண்டுசெல்லும் கஞ்சா மணம் கசியாத கலத்தில் இருக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே பச்சை மணம் கசிந்தாலே விதிமீறல் ஆயிற்று. இனி அங்கே காவலரின் மூக்கு, எரிந்ததையும் எரியாததையும் பிரித்தறியும் அளவுக்குக் கூர்மையாக இருக்கவேண்டும்!

அடுத்த வீட்டார் வழக்கு

குற்றம் நீங்கினால் மணமும் ஏற்புடையதாகிவிடும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், மருத்துவ அனுமதி பெற்றுத் தம் வீட்டில் கஞ்சா புகைத்தவர்மேல் அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்தார். அந்தப் புகை அண்டை வீட்டாருக்குத் தொல்லையே என்று 2023இல் நீதிமன்றம் கூறியது. டென்வர் நகரில் மணத்தை அளக்கவே விதி உண்டு: ஒரு பங்கு காற்றோடு ஏழு பங்கு தூய காற்றைக் கலந்த பின்னும் வாடை தெரிந்தால் அது குற்றம். அதை அளக்க மூக்கில் பொருத்திக்கொள்ளும் கருவியும் இருக்கிறது.

கஞ்சாவுக்கு 1976 முதல் இடங்கொடுத்த நெதர்லாந்திலும் இதே கதைதான். ஆம்ஸ்டர்டாம் நகரம் 2023 மே மாதம் தன் பழைய நகர்ப்பகுதித் தெருக்களில் கஞ்சா புகைப்பதைத் தடுத்தது. சுற்றுலாக் கூட்டத்தால் அங்கே குடியிருப்போர் பட்ட தொல்லையே காரணம். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிய அதே மாதத்தில், பொது இடத்தில் அதன் மணமும் புகையும் பிறருக்குத் தொல்லை என்று அறிவித்து, 25,000 பாட் வரை தண்டமும் மூன்று மாதம் வரை சிறையும் விதித்தது. 2025இல் மருத்துவச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று மீண்டும் இறுக்கியது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் கஞ்சாவை அனுமதித்தது. அந்நாட்டின் பவேரியா மாநிலம் அதே ஆண்டிலேயே பீர்த் தோட்டங்களிலும் திருவிழாத் திடல்களிலும் அதைப் புகைக்கத் தடை விதித்தது. ஹாப்ஸ் மணம் கமழும் தோட்டத்துக்குள் அதன் பங்காளிக்கு இடம் இல்லை! தலைமுறை தலைமுறையாக வந்தது வீட்டு மணம். புதிதாக வந்தது அயலான் மணம்.

இரண்டு கேள்விகள்

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கும்போது, ஒரே மணத்தைப் பற்றி உலகம் இரண்டு கேள்விகளைக் கேட்பதும், அவ்விரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்வதும் புலனாகின்றன. முதற்கேள்வி: இந்தப் புகை என்னைத் துன்புறுத்துகிறதா? இது நியாயமான கேள்வி. புகையிலைப் புகையிலுள்ள நச்சுகள் பல கஞ்சாப் புகையிலும் உண்டு. மூச்சுத் திணறும் முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் தூய காற்றுக்கு உரிமை உண்டு. இக்கேள்வியை எழுப்புவோர் பீடி, சுருட்டு, குப்பை எரிப்பு, ஆலைப் புகை ஆகிய எல்லாவற்றின்மேலும் எழுப்பவேண்டும்.

இரண்டாம் கேள்வி: இந்த மணம் வீசுகிற இவன் யார்? இதுவே ஆபத்தான கேள்வி. நேட்டால் கரும்புத் தோட்டத்தில் தமிழ்க் கூலியையும், ஜமைக்கா மலையில் ராஸ்தஃபாரியையும், அமெரிக்க நெடுஞ்சாலையில் கறுப்பின இளைஞனையும் நிறுத்தி வைத்துக் கேட்கப்பட்டது இதுதான். கஞ்சாவோடு மட்டும் இது நிற்பதில்லை. கருவாட்டு வாடை என்று வீடு மறுப்பவரும், வியர்வை வாடை என்று பேருந்தில் விலகி அமர்பவரும் கேட்பது இக்கேள்வியையே.

காற்றில் வந்த மணத்தை அறிவிப்பதோடு மூக்கின் கடமை முடிந்துவிடுகிறது. அதன்பின் எழுதப்படும் தீர்ப்பு நம்முடையது. எந்தக் கேள்விக்கு அத்தீர்ப்பை எழுதுகிறோம் என்பதை எண்ணிப் பார்த்து எழுதுவது கற்றவர் கடன்.