எந்தப் பால் என்று கேளுங்கள்

காணியையும் மாட்டையும் விட்டு இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள், வீட்டு வாசலில் மேசை போட்டு வடையும் தேத்தண்ணியும் விற்றுப் பிழைப்பது கொழும்புத்துறை போன்ற இடங்களில் புதிதல்ல. அப்படிக் கடை நடத்துவோரும் அங்கு வாங்கி உண்போரும் அறிந்திருக்கவேண்டிய ஒன்று பால் ஒவ்வாமை.

பால் குடித்ததும் வயிறு ஊதி வயிற்றோட்டம் போவது சிலருக்கு வழக்கம். பாலிலுள்ள சர்க்கரை சமிக்காததே காரணம். தொல்லைதான், ஆனால் உயிராபத்தில்லை. ஒவ்வாமை அப்படியல்ல. பாலின் புரதத்தைப் பகையென உடல் எண்ணிப் போராடுவதால் தோலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, கடுமையானால் மூச்சுத்திணறல் வரும். சிலருக்கு மிகச் சிறிதளவே போதும். சிறு பிள்ளைகளிடமே இது அதிகம். பலருக்கு வளர வளர மாறிவிடும். நன்றாகக் காய்ச்சினால் ஆபத்துப் போய்விடும் என்று நம்பியிருக்கக்கூடாது. “ஆட்டுப்பால் கொடுங்கோ, ஒன்றும் செய்யாது” என்று எங்கள் பெரியவர்கள் சொல்வதும் இங்கு பொருந்தாது. மாட்டுப்பால் ஒவ்வாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது.

2017 ஏப்ரலில் இலண்டனில் ஓவன் கேரி என்ற இளைஞர் தமது பதினெட்டாவது பிறந்தநாளன்று உணவகமொன்றில் கோழியிறைச்சி உண்டார். தமக்குப் பால் ஒவ்வாது என்பதை ஊழியரிடம் சொல்லியிருந்தார். இறைச்சி மோரில் ஊறவைக்கப்பட்டிருந்தது. உணவுப் பட்டியலில் அது எழுதப்படவில்லை. அன்றே அவர் இறந்தார். பிரித்தானியாவில் உணவகங்கள் பால் உட்பட 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றித் தெரிவிக்கவேண்டும் என்ற விதி 2014 டிசம்பரிலிருந்தே இருந்தது. விதி இருந்தும் இப்படி நடந்தது. நாங்களும் கோழியைத் தயிரில் ஊறவைக்கிறோம் அல்லவா?

எங்கள் மொழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சொதிக்கும் பாலப்பத்துக்கும் விடுவது தேங்காய்ப்பால். ஆகவே “பால் போட்டதோ?” என்று கேட்டால், மாட்டுப்பால் இல்லாத சொதிக்கு “ஓம்” என்றும், பட்டர் பூசிய பணிசுக்கு “இல்லை” என்றும் பதில் வரும். “மாட்டுப்பால், பால்மா, தயிர், மோர், நெய், பட்டர், சீஸ் ஏதாவது சேர்ந்ததோ?” என்று பேர் சொல்லிக் கேட்பதே சரி. சில மாஜரினிலும் பிஸ்கற்றிலும் பாற்பொருள் இருக்கும். பைக்கற்றில் ‘கேசீன்’, ‘வே’ என்று கண்டால் அதுவும் பால்தான். மாவையும் மாஜரினையும் ரின்னில் கொட்டிவிட்டுப் பைக்கற்றை எறிந்துவிடாதீர்கள்; யாராவது கேட்டால் பார்த்துச் சொல்லலாம்.

பாலில்லாத சாப்பாட்டிலும் பால் தொற்றும். பால்தேத்தண்ணி கலக்கிய கரண்டியால் பிளேன்ரீயைக் கலக்குவதும், சீஸ் கொத்துப் போட்ட அதே கல்லில் அடுத்த கொத்தைப் போடுவதும் அப்படித்தான். சவர்க்காரமிட்டுக் கழுவிய வேறு கரண்டி, வேறு வடி எடுப்பதற்குப் பெரிய செலவில்லை.

இலங்கையின் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவில் என்ன சேர்ந்துள்ளது என்பதைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாகும்படி விற்பதைத் தடைசெய்கிறது. கடைகளைப் பார்வையிட வருபவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவரைத் தண்டம் போடுபவராக மட்டும் பார்க்காமல், சந்தேகங்களைக் கேட்டும் தெரிந்துகொள்ளலாம். அவிழ்த்து விற்கும் ரோல்சுக்கும் வடைக்கும் லேபல் கிடையாது; வாங்குபவருக்கு உங்கள் சொல் ஒன்றுதான் ஆதாரம். நிச்சயமில்லாவிட்டால் “தெரியாது தம்பி, சாப்பிடவேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். ஒரு வடையின் வியாபாரம்தான் போகும்.

சாப்பிட்ட பிள்ளைக்கு மூச்சு இழுத்தாலோ, நாக்கு வீங்கினாலோ, சோர்ந்து விழுந்தாலோ, கைமருந்து பார்த்து நேரத்தைப் போக்கக்கூடாது. எழுந்து நடக்க விடாமல் படுக்கவையுங்கள். மூச்சு முட்டினால் சாய்த்து இருத்தலாம். தேவைப்படுவது அட்ரினலின் ஊசி. 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். என்ன சாப்பிட்டது என்பதையும் சொல்லுங்கள்.