வீட்டுக்குள்ளே ஒரு சர்வர் – 6: லைன் வீட்டுக் கம்ப்யூட்டர்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அதற்கு முந்தைய மெஷின்கள் குறையில்லாமல் ஓடினாலும் அலுவலகங்கள் கழித்துக் கட்டுகின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, ஹெச்.பி. எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி என்று கெட்டியான புத்தகம் அளவே உள்ள பெட்டிகள் செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு வருவது இப்படித்தான். ஐ.டி. அலுவலகங்கள் பெருகிவிட்ட கோவையில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. சென்ற வாரம் பெட்டியைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இந்த வாரம் அதற்குள் ஆட்களைக் குடிவைக்க வேண்டும்.

குடிவைப்பது என்றே சொல்லலாம். கோவையின் மில் பகுதிகளில் லைன் வீடு பார்த்தவர்களுக்கு ஹைப்பர்வைசரைப் புரிந்துகொள்வது சுலபம். ஒரே காம்பவுண்டு, ஒரே தண்ணீர்த்தொட்டி. ஆனால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பவர் வீட்டுக்காரர். அந்த வீட்டுக்காரர் வேலையைச் செய்யும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். பெட்டியின் மெமரியையும் பிராசஸரையும் டிஸ்க்கையும் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கையும் தனிக் கம்ப்யூட்டராக, அதாவது மெய்நிகர் கணினியாக, நடக்க வைக்கிறது. ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ். ஒன்று முடங்கினாலும் அடுத்ததற்குத் தெரியாது.

யோசனை பழையது. ஐ.பி.எம். 1972-இல் வி.எம்./370-ஐ அறிவித்தபோது அது பெருநிறுவனங்களின் மெயின்ஃபிரேமுக்கான வசதி. சாதாரண பி.சி.யில் அதைச் செய்ய முடியும் என்று காட்டியது 1998-இல் தொடங்கிய வி.எம்.வேர். 2005-இல் இன்டெல் இதற்கான வசதியைப் பிராசஸருக்குள்ளேயே வைத்தது. 2007-இல் லினக்ஸ் கெர்னலுக்குள் கே.வி.எம். என்ற ஹைப்பர்வைசர் சேர்ந்தது. அதற்குப் பிறகு மெய்நிகர் கணினி என்பது காசு கொடுத்தால்தான் கிடைக்கும் பொருளாக இல்லை.

ஆனாலும் வீட்டில் சர்வர் வைத்தவர்களில் நிறையப் பேர் வி.எம்.வேரின் இலவச ஹைப்பர்வைசரான ஈ.எஸ்.எக்ஸ்.ஐ.யைத்தான் பயன்படுத்தினார்கள். 2023 நவம்பரில் பிராட்காம் வி.எம்.வேரை வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை வாங்கினால் நிரந்தரம் என்ற லைசென்ஸ் முறை போய், சந்தா முறை வந்தது. 2024 தொடக்கத்தில் இலவசப் பதிப்பும் நின்றது. 2025 ஏப்ரலில் அதைச் சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குள் பலர் மூட்டை கட்டிவிட்டார்கள். அவர்களில் கணிசமானோர் போய்ச் சேர்ந்த இடம் புராக்ஸ்மாக்ஸ். வியன்னாவிலிருக்கும் ஒரு நிறுவனம் 2008-இல் வெளியிட்டது; டெபியன் லினக்ஸும் கே.வி.எம்.மும் அதன் அஸ்திவாரம். திறந்த மூல நிரல். வீட்டுக்கு இதுவே போதும் என்பதுதான் இந்தத் தொடரின் தீர்ப்பு. ஒருமுறை கதவைச் சாத்தியவர் வீட்டில் மறுபடி குடியேறத் தேவையில்லை.

நிறுவும் வேலை அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அதற்கு முன் பயாஸுக்குள் போய் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, விர்ச்சுவலைசேஷன் என்ற வரி. அலுவலக மெஷின்கள் சிலவற்றில் இதை அணைத்து வைத்திருப்பார்கள். ஆன் செய்யாவிட்டால் மெய்நிகர் கணினி எதுவும் கிளம்பாது. இன்னொன்றைப் பின்னால் பார்க்கலாம். புராக்ஸ்மாக்ஸ் ஐ.எஸ்.ஓ. கோப்பை யு.எஸ்.பி. டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்தால் எந்த டிஸ்க் என்று கேட்கும். அந்த டிஸ்க்கில் இருப்பது மொத்தமும் அழியும். கொஞ்சம் மிச்சம் வைக்கிற பேச்சே இல்லை. நெட்வொர்க் பக்கத்தில் ரவுட்டர் தானாகப் பங்கிடும் எண்களுக்கு வெளியே 192.168.1.50 போல ஒரு நிலையான ஐ.பி.யைக் கொடுக்க வேண்டும். வைஃபையை நம்ப வேண்டாம்: மெய்நிகர் கணினிகளை வெளியுலகத்தோடு இணைக்கும் பிரிட்ஜ் அதில் சரியாக வேலை செய்யாது. ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்தே ஆக வேண்டும்.

முடிந்ததும் மானிட்டரும் கீபோர்டும் தேவையில்லை. வேறு கம்ப்யூட்டரின் பிரவுசரில் அந்த ஐ.பி.யையும் 8006 என்ற போர்ட் எண்ணையும் தட்டினால் நிர்வாகப் பக்கம் வரும். சந்தா இல்லை என்று ஒரு பெட்டி ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்க்கும். பயப்பட ஒன்றுமில்லை. அப்டேட் எங்கிருந்து வரவேண்டும் என்ற இடத்தில் நிறுவனங்களுக்கானதை அணைத்துவிட்டு, சந்தா இல்லாதவர்களுக்கானதை இயக்கிக்கொண்டால் சரி.

கோவையின் கணபதியிலும் குறிச்சியிலும் வீட்டோடு ஒட்டிய லேத் பட்டறைகளில் இதற்கு நல்ல உபயோகம் உண்டு. பட்டறைக் கணக்கு முழுவதும் விண்டோஸ் 7 போட்ட ஒரு பழைய மெஷினில், டாலியில் கிடக்கும். மாற்றச் சொன்னால், “ஓடுற மெஷினை எதுக்குங்க மாத்தோணும்?” என்பதுதான் பதில். நியாயமான கேள்விதான், அந்த மெஷினின் டிஸ்க் ஓடுகிற வரைக்கும். மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் டிஸ்க்2வி.ஹெச்.டி. என்ற சிறு மென்பொருள் அந்த டிஸ்க்கை அப்படியே ஒரு கோப்பாக நகலெடுத்துத் தரும். அதைப் புராக்ஸ்மாக்ஸில் ஏற்றினால் பழைய மெஷின், வால்பேப்பர் மாறாமல், புதுப்பெட்டிக்குள் விழிக்கும். முதல்முறை எழுப்பும்போது டிஸ்க் வகையை சாட்டா என்று வைக்க வேண்டும். வேகமான விர்ட்டியோவை முதலிலேயே கொடுத்தால் டிரைவர் இல்லாமல் நீலத்திரைதான் வரும். டாலி லைசென்ஸ் மெஷினோடு கட்டப்பட்டது. ஆகவே பழையதில் சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்வது முறை. பழைய கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் லைசென்ஸும் அந்தக் கம்ப்யூட்டருக்கானதுதான், கூடவே வராது. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன விண்டோஸ் 7-க்கு இணையத்தைத் துண்டித்து வைப்பதும் நல்லது. மெய்நிகர் கணினியில் அது ஒரே கிளிக்.

இனி கரண்ட். கொங்கு நாட்டில் சர்வர் வைப்பவருக்கு மென்பொருளைவிட இதுவே பெரிய பாடம். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த தெம்பில் ஆலைகள் பெருகிய ஊர் கோவை. அதே ஊர் 2012-இல் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் தவித்தது. பட்டறைகள் ஜெனரேட்டரிலும், வீடுகள் இன்வெர்ட்டரிலும் காலம் தள்ளின. இன்று அந்த நிலை இல்லை. ஆனாலும் பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணியிலிருந்து மாலை வரை மின்தடை என்று துணைமின் நிலையம் வாரியாக நாளிதழ்களில் பட்டியல் வருகிறது.

அந்தப் பகல் முழுக்க வீட்டு இன்வெர்ட்டர் சர்வரைத் தாங்கிவிடும் என்று நினைப்பவர்கள் இன்வெர்ட்டரின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பல மாடல்களில் நார்மல், யு.பி.எஸ். என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் கரண்ட் போகும் கணத்தில் மாறிக்கொள்ளும் இடைவெளி சற்று நீளம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது. கம்ப்யூட்டரோ ரீஸ்டார்ட் ஆகிவிடும். யு.பி.எஸ். பக்கம் தள்ளினால் அந்த இடைவெளி சுருங்கும். அடுத்த சிக்கல், பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் சர்வரிடம் சொல்லாது. யு.எஸ்.பி. கேபிள் உள்ள சிறிய யு.பி.எஸ். என்றால் நட் என்ற இலவச மென்பொருள் அந்தச் சேதியைக் கேட்டு எல்லாவற்றையும் ஒழுங்காக அணைத்துவிடும். அது இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. இன்வெர்ட்டர் லைனில் சேராத பிளக்கில், லேன் கேபிளோடு ரவுட்டரில் இணைந்த பழைய மோடம் ஒன்றைச் செருகி வைக்க வேண்டும். சர்வர் அதை நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய்யட்டும். கால் மணி நேரம் பதிலில்லை என்றால் கரண்ட் இல்லை என்று பொருள், ஷட்டவுன்.

பயாஸில் பார்க்க வேண்டிய இரண்டாவது இடம் இங்கேதான் வருகிறது. ஏ.சி. ரெக்கவரி என்பதை ‘பவர் ஆன்’ என்று வைத்தால், போன கரண்ட் திரும்பியதும் பெட்டி தானாக எழும். ஆனால் இன்வெர்ட்டர் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டால் கரண்ட் போனதே பெட்டிக்குத் தெரியாது. ஷட்டவுன் ஆன நிலையிலேயே கிடக்கும். டெல் பெட்டிகளில் ‘ஆட்டோ ஆன் டைம்’ என்று ஒரு வசதி உண்டு. மாலை 6 மணி என்று வைத்துவிட்டால் அணைந்திருந்தாலும் அன்றாடம் எழுந்துகொள்ளும். மெய்நிகர் கணினிகளுக்கும் ‘பூட்டில் தொடங்கு’ என்பதை டிக் செய்ய மறக்கக் கூடாது.

பில் எவ்வளவு வரும் என்ற கேள்விக்குக் கணக்கே பதில். மினி பெட்டி சும்மா இருக்கும் நேரத்தையும் சேர்த்துச் சராசரி 20 வாட் எடுத்தால், இரண்டு மாதத்தில் சுமார் 29 யூனிட். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ரேக் சர்வரை வாங்கினால், 150 வாட்டுக்கு 216 யூனிட். 2025 நிலவரப்படி தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் 100 யூனிட்தான். ரேக் சர்வரின் சத்தத்தையும் சூட்டையும் பில்லில் சேர்க்கவில்லை. வீட்டுக்குள் அது வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. புராக்ஸ்மாக்ஸில் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு பேக்கப் ஆயிற்று என்று படுத்துவிடக் கூடாது. ஸ்னாப்ஷாட் இருப்பதும் அதே டிஸ்க்கில்தான். வெளி டிஸ்க்குக்கு இரவுதோறும் நகல் போகும்படி செய்வது எப்படி என்பது அடுத்த வாரம். அதற்குள் வாசகர்கள் செய்து வைக்க வேண்டியது ஒன்றுதான்: பெட்டியில் இப்போது இருக்கும் டிஸ்க்கில் படமோ கணக்கோ மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, அதன்பிறகு இன்ஸ்டால் பட்டனை அழுத்துங்கள்.