வில் வளைந்தால்தான் வண்டி துள்ளாது!

காந்திபுரம் பஸ் நிலையம். சத்தியமங்கலம் பஸ் புறப்படத் தயாராக நிற்கிறது. ஏறுகிறவர்களின் கண் முதலில் எங்கே போகிறது? முன் சீட்டுக்கு! கடைசி சீட்டு காலியாகவே கிடக்கிறது. "அங்கே வேண்டாமுங்க. தூக்கித் தூக்கிப் போடும்" என்று நின்றுகொண்டே வருகிறவர்களும் உண்டு.

ஒரே பஸ். ஒரே ரோடு. முன்னால் இருப்பவர் தூங்குகிறார். பின்னால் இருப்பவர் துள்ளுகிறார். காரணம் என்ன? கடைசி சீட்டு, பின் அச்சையும் தாண்டி நீட்டிக்கொண்டு இருக்கிறது. சக்கரம் ஒரு சாண் எழும்பினால், அந்த சீட்டு அதைவிட அதிகமாக எழும்பி விழுகிறது.

பஸ்ஸிலாவது, "மெதுவாகப் போங்க அண்ணா!" என்று குரல் கொடுக்கப் பிரயாணிகள் இருக்கிறார்கள். இழுத்துக்கொண்டு போகும் வண்டியில் யார் இருக்கிறார்கள்?

கேரவன் என்றால், சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நம் நினைவுக்கு வரும். அதில் இன்னொரு வகை உண்டு. அதற்கு என்ஜின் கிடையாது. படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்த ஒரு சிறு வீடு. அதைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். அமெரிக்காவில் இது சர்வ சாதாரணம்.

இந்த வீட்டு வண்டி துள்ளுவது, காரில் இருப்பவருக்குத் தெரியாது. போய் இறங்கிக் கதவைத் திறந்தால்தான் தெரியும். தட்டுகள் நொறுங்கிக் கிடக்கும். அலமாரி கழன்று தொங்கும். அது போகட்டும். அடியில் உள்ள வில்லே முறிந்தால்? அச்சு ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். வண்டி தாறுமாறாக இழுக்கும். முன்னால் போகும் காரில் இருக்கும் குடும்பத்துக்கே அபாயம்!

அதனால்தான் அங்கே பலர், விடுமுறை நாளில் வண்டிக்கு அடியில் படுத்துத் தாங்களே வில்லைச் சீர்திருத்துகிறார்கள். அந்த வேலையின் சூட்சுமம், டிராக்டர் டிரெய்லர் வைத்திருக்கும் கொங்கு நாட்டு விவசாயிக்கும் உதவும்.

வில்லும் கமானும்

அந்தக் காலத்தில் வசதியான குடும்பங்கள் உறவினர் வீட்டுக்கும் கோவிலுக்கும் போக வில் வண்டி வைத்திருந்தன. பாரவண்டியில் அச்சின்மேல் நேராகச் சட்டம் உட்கார்ந்திருக்கும். கல்லில் ஏறினால் எலும்பு வரை அதிரும். வில் வண்டியில் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகள் இருக்கும். அதிர்ச்சியை அவை வாங்கிக்கொள்ளும்.

இன்று லாரிப் பட்டறையில் அதே பொருளுக்குப் பெயர் "கமான் பட்டை". கமான் என்றால் பாரசீக மொழியில் வில். ஆக, மாட்டு வண்டிக்காரர் சொன்னதும் மெக்கானிக் சொல்வதும் ஒன்றுதான்!

கழற்றிப் பார்த்தவர்

வண்டியைத் தானே கழற்றிப் பார்க்கும் துணிச்சல் கோவைக்குப் புதிது அல்ல. ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்து மறுபடியும் பூட்டியவர். 1920-ம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் விட்டார். அதைத் தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான், பிறகு பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

கழற்றலாம். ஆனால் எதற்காகக் கழற்றுகிறோம் என்று தெரிந்து கழற்ற வேண்டும்.

பட்டையைச் சேர்க்கலாமா?

வண்டி துள்ளினால் நம்மவர்கள் பட்டறையில் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஏனுங்க, இன்னொரு பட்டை சேர்த்துப் போட்டுடலாமுங்களா?"

கூடாது! துள்ளும் வண்டிக்குப் பட்டை சேர்த்தால், இன்னும் அதிகமாகத் துள்ளும்.

வில்லின் வேலை வளைவது. ஒரே மாதிரியான 5 பட்டைகளுடன் 6-வது பட்டையைச் சேர்த்தால், வில் 20 சதவீதம் விறைத்துக்கொள்ளும். 8 மில்லிமீட்டர் பட்டைகளை எடுத்துவிட்டு 10 மில்லிமீட்டர் பட்டைகளைப் போட்டால், விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். வில்லின் நீளத்தைப் பாதியாக்கினால் 8 மடங்கு!

பாரத்தால் 25 சென்டிமீட்டர் அமுங்கும் வில், நிமிடத்துக்குச் சுமார் 60 தடவை ஆடும். 6 சென்டிமீட்டர் மட்டும் அமுங்கினால் சுமார் 120 தடவை ஆடும். முன்னது தொட்டில். பின்னது முறத்தில் போட்டுப் புடைப்பது!

பாரம் ஏற்றியதும் சட்டம் அச்சில் இடிக்கிறது என்றால், அது வேறு நோய். பாரம் அதிகம், அல்லது வில் சோர்ந்துவிட்டது. அப்போது அந்த அச்சுக்கு உரிய புது வில் போட வேண்டும். பட்டை சேர்த்துவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று எண்ண வேண்டாம். அச்சும் டயரும் பிரேக்கும் பழையவைதானே!

கோளாறு மூட்டில்!

பெரும்பாலும் கோளாறு பட்டையில் இருக்காது. வில்லின் காதில் இருக்கும். அங்கே புஷ் என்ற சிறு குழாய் உண்டு. அதன் வழியாக போல்ட் போகிறது. பல கேரவன்களில் அது வெறும் நைலான் புஷ். எண்ணெய் காணாத போல்ட், அதைத் தின்று தீர்த்துவிடும். பிறகு இரும்பும் இரும்பும் உரசும். ஷாக்கிளின் துவாரம் முட்டை வடிவமாகிவிடும்.

இதைத்தான் வீட்டிலேயே மாற்றலாம். நைலானுக்குப் பதில் கன்மெட்டல் புஷ். சாதா போல்ட்டுக்குப் பதில், கிரீஸ் ஏற்ற நிப்பிள் வைத்த போல்ட். மெல்லிய ஷாக்கிளுக்குப் பதில் தடித்த ஷாக்கிள். அளவு சொன்னால் புஷ் கடைந்து கொடுக்க, கணபதிப் பக்கம் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சம் இல்லை.

ஆட்டத்தை அடக்க ஷாக் அப்சார்பர் வேண்டும். வில் அடியை வாங்கும். ஆனால் தானாக ஆட்டத்தை நிறுத்தத் தெரியாது. பல இழுவை வண்டிகளில் ஷாக் அப்சார்பரே இருப்பது இல்லை. அதைப் பொருத்தினால் கண்கூடாக வித்தியாசம் தெரியும்.

வேலைக்கு இறங்குமுன் சில எச்சரிக்கைகள்:

சமதரையில் நிறுத்துங்கள். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சட்டத்தை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே அடியில் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுப்பது, உயிரோடு விளையாடுவது!

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறு பக்கத்தைக் கழற்றுங்கள். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாற்றுங்கள். கழற்றிய யூ போல்ட்டை மறுபடி போடாதீர்கள்; புதிது போடுங்கள். நான்கு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடியும் முடுக்கிப் பாருங்கள்.

நெருப்பு ஆகாது

பழைய லாரிப் பட்டையைக் காய்ச்சித்தான் கொல்லர்கள் அரிவாள் அடிக்கிறார்கள். அவ்வளவு நல்ல எஃகு அது. காய்ச்சினால் அதன் குணம் மாறும். மறுபடி பதம் பார்த்துத் தோய்த்தால்தான் கூர்மை நிற்கும். விரிந்த பட்டையில் வெல்டிங் வைத்தாலும் அதே கதிதான். வெளியே ஒட்டியது போலத் தெரியும். உள்ளே பதம் போயிருக்கும். நடுவழியில் முறியும். விரிந்த பட்டையைத் தூக்கி எறிய வேண்டியதுதான்!

வில்லுக்குப் பதில், அச்சுக் குழாய்க்குள் ரப்பர் வைத்து அதன் முறுக்கிலேயே அதிர்ச்சியைத் தாங்கும் முறையும் உண்டு. அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் கேரவன்களில் 1960-களிலேயே அது வந்துவிட்டது. ஆனால் அச்சையே மாற்றுவது வீட்டு வேலை அல்ல. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் சொல்கிறது.

முன்பாரம், பின்பாரம்

எல்லாம் செய்தும் வண்டி பாம்பு போல் வாலை ஆட்டுகிறதா? வில்லைக் குறை சொல்லாதீர்கள். பாரத்தைப் பாருங்கள்.

மாட்டு வண்டிக்காரர் மூட்டை ஏற்றியதும் என்ன செய்வார்? நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு இறுக்கும். இரண்டும் இல்லாமல், கொஞ்சம் முன்பாரமாக வைத்து ஓட்டுவார்.

கேரவனுக்கும் அதே கணக்குத்தான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் இருக்க வேண்டும் என்கிறார்கள் அமெரிக்கர்கள். பின்பாரமானால் வேகத்தில் வண்டி ஆடத் தொடங்கும். பிறகு எந்த வில்லாலும் அதை அடக்க முடியாது.

காந்திபுரத்தில் அந்த சத்தியமங்கலம் பஸ் இதற்குள் புறப்பட்டிருக்கும். அடுத்த தடவை கடைசி சீட்டில் இடம் கிடைத்தால், உட்கார்ந்து பாருங்கள். பள்ளத்தில் தூக்கிப் போடும்போது, அடியில் ஒரு வில் வளைந்து நிமிர்வதை நினைத்துக்கொள்ளுங்கள். அது வளைவதால்தான், நமக்கு இந்த அளவோடு போகிறது!