சபேதாவும் பிசினும்: ஓவியத்தின் அடிப்பூச்சும் புடைப்புப் பசையும்

ஓவியம் என்றவுடன் நினைவுக்கு வருவது வண்ணமே. ஆயினும் ஓர் ஓவியம் எத்தனை காலம் நிலைத்து நிற்கும் என்பதை, வண்ணத்தைக் காட்டிலும் அதற்கு அடியிலுள்ள வெண்ணிறப் பூச்சே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மரப்பலகை மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது; கோடையில் சுருங்குகிறது. அதன்மேல் நேராகத் தீட்டப்பட்ட வண்ணம் இந்த அசைவைத் தாங்காமல் பெயர்ந்துவிடும். பலகைக்கும் வண்ணத்துக்கும் இடையே நின்று இரண்டையும் பிணைப்பதே அடிப்பூச்சின் தொழில். அதே பொருள்களைச் சற்றுக் கெட்டியாகக் குழைத்தால், மேலெழுந்து நிற்கும் அணிவேலைக்கு உரிய புடைப்புப் பசை கிடைக்கிறது.

துணி, காகிதம், நூல், மணல் முதலிய பல பொருள்களை ஒரே பலகையில் சேர்த்துப் படம் அமைக்கும் கலவைக்கலை இன்று பள்ளிகளில் பயிற்றுவிக்கப்படுகிறது. அதற்குரிய பூச்சுகளும் பசைகளும் கடைகளில் விற்கப்படுகின்றன. ஆனால் எளிய பொருள்களைக் கொண்டு அவற்றைப் பள்ளியிலேயே செய்துகொள்ளலாம். அதற்குத் தக்க வழிகாட்டியாக இருப்பது மைசூர் ஓவிய மரபாகும்.

மைசூர் மரபு

1565ஆம் ஆண்டு நடந்த தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரத்து ஓவியர்கள் பல திசைகளிலும் பிரிந்து சென்றனர் என்றும், அவர்களுள் ஒரு பிரிவினர் சீரங்கப்பட்டணத்தில் உடையார் மன்னர்களின் ஆதரவைப் பெற்றனர் என்றும் வரலாறு கூறுகிறது. இம்மரபு மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794-1868) காலத்தில் மைசூர் நகரில் சிறந்து விளங்கியது. தெய்வ வடிவங்களை விளக்கும் ‘ஸ்ரீதத்துவநிதி’ என்னும் படநூல் அவருடைய ஆதரவில் தொகுக்கப்பட்டது. 1861ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள சித்திரசாலையில் இம்மரபைச் சேர்ந்த ஓவியங்களை இன்றும் காணலாம்.

இவ்வோவியத்தில் மரப்பலகையின்மேல் கனமான காகிதம் ஒட்டப்படுகிறது. புளியங்குச்சிகளை இரும்புக் குழலில் இட்டு எரித்துச் செய்த கரிக்கோலால் முற்காலத்தில் உருவம் வரையப்பட்டது. நகை, மகுடம், சிம்மாசனம், திருவாசி ஆகிய இடங்களில் வெண்ணிறப் பசையை மெல்லிய தூரிகையால் இட்டுப் புடைப்பு வேலை செய்வர். அது உலர்ந்தபின் அதன்மேல் தங்கரேக்கு ஒட்டப்படும். தஞ்சாவூர் ஓவியத்தின் புடைப்பு உயரமானது. கண்ணாடிக் கற்களும் அதில் பதிக்கப்படும். மைசூர்ப் புடைப்போ மிகத் தாழ்வானது. நூலிழை போன்ற கோடுகளால் ஆனது. எனவே இதற்குப் பசை மிக நுண்ணியதாகவும், பிளவுபடாததாகவும் இருத்தல் வேண்டும்.

பழைய முறையில் இப்பசையின் கூறுகள் மூன்று: வெண்ணிறத் தூளாகிய ஈய வெள்ளை, அதைப் பிணைக்கும் பிசின் அல்லது வச்சிரம், மற்றும் மக்கி எனப்படும் மஞ்சள் பிசின். மக்கி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளரும் ஒருவகை மரத்தின் பாலிலிருந்து கிடைப்பது. இது பசைக்கு மஞ்சள் நிறம் தருவதால், தங்கரேக்கு எங்கேனும் சிறிது கிழிந்திருந்தாலும் வெண்மை வெளித்தெரிவதில்லை.

ஒரு பெயர், இரு பொருள்

கடைகளில் ‘சபேதா’ என்று கேட்டால் வெண்ணிறத் தூள் ஒன்று தரப்படும். இச்சொல்லுக்கு வெண்மையானது என்பதே பொருள். முற்காலத்தில் இப்பெயர் ஈய வெள்ளையைக் குறித்தது. பிற்காலத்தில் துத்தநாக ஆக்ஸைடும் இப்பெயராலேயே விற்கப்படலாயிற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒன்று கொடிய நஞ்சு. மற்றொன்று, தூசியாக மூச்சில் செல்லாமல் காத்துக்கொண்டால், தோலுக்கு மருந்தாகவே பூசப்படும் பொருள்.

ஈயம் உடலினுள் சென்றால் எலும்பில் தங்கிவிடுகிறது. அது வளரும் குழந்தைகளின் மூளையைத் தாக்கி, கற்கும் திறனைக் குறைக்கிறது. தீங்கற்றது என்று கூறத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்தாகும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி வீட்டு உபயோக வண்ணப்பூச்சுகளிலும் அலங்கார வண்ணப்பூச்சுகளிலும் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது. இவ்விதி 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. உதிரியாகப் பொட்டலம் கட்டித் தரப்படும் தூளை இவ்வளவுகோலால் வாங்குபவர் சோதித்தறிய இயலாது. ஆகவே பெயரும் மூலப்பொருளும் அச்சிடப்பட்ட உறையில் ‘துத்தநாக ஆக்ஸைடு’ என்று குறித்திருந்தாலன்றி, சபேதா என்ற பெயரை மட்டும் நம்பிப் பள்ளிக்கு எதையும் வாங்கலாகாது.

ஓவியத்தின் நலன் கருதியும் துத்தநாகமே மேலானது. காற்றில் கலந்துள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு பட்டால் ஈய வெள்ளை ஈய சல்பைடாக மாறிக் கறுத்துவிடும். துத்தநாக சல்பைடும் வெண்ணிறமே ஆதலால், துத்தநாகப் பூச்சு அவ்வாறு கறுப்பதில்லை.

தூளும் பசையும் செய்யும் வேலை

எந்த அடிப்பூச்சும் இரண்டு கூறுகளால் ஆனது: வெண்மையையும் திண்மையையும் தரும் தூள், அத்தூளின் துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பசை. நீர் இவற்றைக் குழைப்பதற்கு மட்டும் பயன்பட்டு, ஆவியாகி மறைந்துவிடுகிறது. பூச்சின் குணம் முழுவதும் தூளுக்கும் பசைக்கும் உள்ள விகிதத்தில் அடங்கியுள்ளது.

இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். ஒரு குவளை நிறையச் சரளைக் கற்களை இட்டு, அதில் மெல்ல நீர் ஊற்றினால், கற்களின் இடைவெளிகள் நிரம்பும்வரை நீர் உள்ளே செல்லும். கற்களைத் தூளாகவும் நீரைப் பசையாகவும் கருதுக. பசை மிகக் குறைவானால் துகள்கள் பிணைப்பின்றிக் கையில் மாவாக உதிரும். இடைவெளிகள் முழுவதும் நிரம்பி வழியுமளவு பசை இருந்தால், மேற்பரப்பு கண்ணாடிபோல் ஆகி, வண்ணத்தை உறிஞ்சாமல் விட்டுவிடும். மேலும் பசை உலரும்போது சுருங்குவதால், நீர் வற்றிய ஏரியின் சேறு போலப் பூச்சு வெடிக்கும். துகள்களைப் பிணைத்தபின் சிறிது இடைவெளி எஞ்சியிருக்கும் நிலையே அடிப்பூச்சுக்கு உகந்தது.

அவ்வாறு எஞ்சும் காற்றிடைவெளிக்கு மற்றொரு பயனும் உண்டு. வெள்ளையடித்த சுவர் ஈரமாக இருக்கும்போது மங்கலாகவும், உலர்ந்தபின் பளிச்சென்றும் தோன்றுவதை யாவரும் கண்டிருப்பர். துகள்களிடையே இருந்த நீர் நீங்கிக் காற்று புகுந்ததும் ஒளி மிகுதியாகச் சிதறுகிறது. அதுவே நமக்கு வெண்மையாகத் தோன்றுகிறது. சீமைச் சுண்ணாம்பு கலந்த பூச்சின் வெண்மை பெரிதும் இவ்வாறு பெறப்படுவதே. துத்தநாக ஆக்ஸைடின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2 ஆதலால், அது பசையில் மூழ்கிய நிலையிலும் நல்ல வெண்மை தருகிறது.

பள்ளியில் செய்யும் முறை

தூள்: அடிப்பூச்சுக்குக் கால்சியம் கார்பனேட் ஆகிய சீமைச் சுண்ணாம்புத் தூள் போதுமானது. வெற்றிலைக்கும் வெள்ளையடிப்பதற்கும் உரிய நீற்றிய சுண்ணாம்பு வேறு பொருள். அது தோலையும் கண்ணையும் அரிக்கும். சில வண்ணங்களையும் கெடுக்கும். கரும்பலகையில் எழுதும் துண்டுகள் நம் நாட்டில் பெரும்பாலும் ஜிப்சத்தால் ஆனவை. அவற்றை இடித்துச் சலித்தும் பயன்படுத்தலாம். தூளின்மேல் ஒரு துளி எலுமிச்சைச்சாறு விட்டால், கார்பனேட்டாயின் நுரைக்கும்; ஜிப்சமாயின் நுரைக்காது. பாரிஸ் சாந்தை நேராகப் பசையில் கலத்தல் கூடாது. அது நீரை ஏற்றுச் சில நிமிடங்களில் பாத்திரத்திலேயே இறுகிவிடும்.

பசை: தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரம் 70 கிராமை ஒரு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, அப்பாத்திரத்தை வெந்நீர் நிரம்பிய மற்றொரு பாத்திரத்தினுள் நிறுத்திக் கரைக்கவேண்டும். பசை கொதித்தால் அதன் பிணைக்கும் வலிமை குன்றிவிடும். விலங்குப் பொருளை விரும்பாதோர், கடைகளில் மரவேலைக்கென விற்கப்படும் பாலிவினைல் அசிட்டேட் வெண்பசையை அதே அளவு நீரில் கலந்து பயன்படுத்தலாம்.

அடிப்பூச்சு: கரைத்த பசை ஒரு பங்குக்குத் தூள் ஒரு பங்கு முதல் ஒன்றரைப் பங்குவரை, கொள்ளளவில் எடுத்துக்கொள்ளலாம். தூளைப் பசையில் மெல்லத் தூவி, அது தானே அமிழும்வரை விட்டுப் பின் கிளறவேண்டும். வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழிகள் புகுந்து ஊசித்துளைகள் உண்டாகும். பிறகு மல் துணியில் வடிகட்டுக. பலகைக்கு முதலில் தூள் கலவாத நீர்த்த பசையை ஒருமுறை பூசி உலரவிடவேண்டும். அதன்பின் அடிப்பூச்சை மெல்லியதாக நான்கு அல்லது ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் குறுக்குத் திசையில் பூசவேண்டும். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் மேற்புறம் முன்னே உலர்ந்து, உட்புறம் பின்னர் சுருங்கும்போது பிளவுபடும். மேற்பூச்சில் பசை கீழ்ப்பூச்சினும் மிகுந்திருத்தல் கூடாது. மிகுந்தால் மேற்பூச்சு சுருங்கிக் கீழ்ப்பூச்சை இழுத்துப் பெயர்க்கும். வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்தி, உப்புத்தாளால் ஈரத்துணி கொண்டு துடைத்துத் துடைத்துத் தேய்த்தால் பரப்பு வழவழப்பாகும்.

துணி ஒட்டுதல்: புளியங்கொட்டையை வறுத்து, மேல்தோலை நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை இதற்கு ஏற்றது. கொட்டையின் பருப்பிலுள்ள பலசர்க்கரைப் பொருள் வெந்நீரில் உப்பிக் கொழகொழப்பாவதே இதன் ஒட்டும் தன்மைக்குக் காரணம். தஞ்சாவூர்ப் பலகையிலும் துணியை ஒட்ட இப்பசை வழங்கிவந்தது.

புடைப்புப் பசை: அராபிப் பிசின் ஒரு பங்கு, நீர் இரண்டு பங்கு என எடையில் எடுத்து, ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டவேண்டும். அதில் துத்தநாக ஆக்ஸைடைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கல்வத்தில் அரைக்கவேண்டும். தூரிகையால் இட்ட கோடு பரவாமலும், நுனியில் திரளாமலும் நின்றால் பதம் சரியானது. சில துளி கிளிசரின் சேர்த்தால் உலர்ந்தபின் நொறுங்கும் தன்மை குறையும். அராபிப் பிசின் உலர்ந்த பின்னும் நீரில் கரையக்கூடியது. ஆதலால் அதன்மேல் ஈரம் மிகுந்த வண்ணத்தைத் திரும்பத் திரும்பத் தீட்டினால் புடைப்பு கரைந்துவிடும். மக்கி கடும் பேதியை உண்டாக்கும் பொருளாகையால் மாணவர் கையில் தரலாகாது. மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள் காவி போதும். கரடுமுரடான பரப்பு வேண்டுமாயின், கழுவி உலர்த்திய மணல், மரத்தூள், தேங்காய் நார்த்தூள் ஆகியவற்றை வெண்பசையுடன் கூடிய அடிப்பூச்சில் கலக்கலாம். உப்பு நீங்காத கடல் மணல் ஈரத்தை இழுத்துப் பூச்சைக் கெடுக்கும்.

மூன்று அட்டைச் சோதனை

தூளும் பசையும் இடத்துக்கிடம் வேறுபடுவதால், மேற்கூறிய அளவுகளைத் தொடக்கமாக மட்டுமே கொள்ளவேண்டும். ஒரே அளவான மூன்று அட்டைகளில், பசை குறைந்தது, நடுத்தரமானது, மிகுந்தது என மூன்று கலவைகளைப் பூசி, இரண்டு நாள் உலரவிடுக. பிறகு ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்தும், சிறிது வளைத்தும், ஒரு துளி நீர் விட்டும் பார்க்கவேண்டும். விரலில் வெண்மை ஒட்டினால் பசை போதவில்லை. வளைத்தவுடன் படபடவென வெடித்தாலோ, நீர்த்துளி உறிஞ்சப்படாமல் முத்தாக நின்றாலோ பசை மிகுதி. விரலில் ஒட்டாமலும், துளியை மெல்ல உறிஞ்சியும் நிற்கும் கலவையே கொள்ளத்தக்கது. மாணவர்கள் அளவுகளையும் விளைவுகளையும் அட்டவணையாக எழுதிவைத்தால், ஓவிய வகுப்பே விஞ்ஞானப் பாடமாகவும் அமையும்.

காப்பு முறைகள்

உலர்ந்த தூளை அளப்பதும் சலிப்பதும் ஆசிரியரின் பொறுப்பு. அப்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளவேண்டும். காய்ந்த பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பலாகாது. பாரிஸ் சாந்து இறுகும்போது வெப்பத்தை வெளியிடுவதால், கையை அதில் புதைத்து அச்செடுக்க மாணவரை ஒருபோதும் விடலாகாது. வச்சிரம், பிசின், புளியங்கொட்டைப் பசை ஆகிய யாவும் பூசணத்துக்கு உணவாவன. பூசணத்தைத் தடுக்க மயில்துத்தம் சேர்க்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சு ஆதலால் பள்ளிக்கு ஆகாது. அன்றைக்கு வேண்டிய அளவை அன்றே செய்து, எஞ்சியதை அகற்றிவிடுவதே தக்க வழி. சமையற் பாத்திரங்களை இவ்வேலைக்குப் பயன்படுத்தல் கூடாது.

பழைய ஓவியம் ஒன்றைச் சீர்செய்ய வேண்டி எவரேனும் கொணர்ந்தால், அதன் வெண்பூச்சைச் சுரண்டியோ தேய்த்தோ பார்க்கலாகாது. அது ஈய வெள்ளையாக இருக்கக்கூடும். அத்தகைய பணியைப் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரிடம் ஒப்படைப்பதே முறை. கைவினைஞர் பட்டறைகளுக்குச் செல்லும் களப்பணியாளர்கள், அங்குள்ள சபேதா உறையைப் பார்த்து அது எவ்வகைத் தூள் என்று கேட்டறிவது மிகவும் பயனுடையது. மரபின் நுட்பம் தூரிகையிலும் விகிதத்திலும் உள்ளது, ஈயத்தில் இல்லை. ஆகையால் தூளை மாற்றிக்கொள்வதால் மைசூர் ஓவியத்தின் அழகு சிறிதும் குறைவதில்லை. பட்டறையில் உடன் அமர்ந்து கற்கும் பிள்ளைகளின் உடல்நலமும் காக்கப்படுகிறது.