பனிக்காலத்தில் தோலைப் பேணுவோம்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. நம் உடலுக்குச் சுவராக அமைந்திருப்பது தோல் ஆகும். உடல் உறுப்புகளுள் மிகப் பெரியதும் இதுவே. வெளியிலுள்ள கிருமிகள் உள்ளே புகாமலும், உள்ளிருக்கும் நீர் வெளியே போய்விடாமலும் இது இரவும் பகலும் காவல் காக்கின்றது. இச்சுவரில் விரிசல் விழும் காலம், மார்கழியும் தையும் சேர்ந்த முன்பனிக் காலமாகும்.

"பனிமய மாதாவின் ஊர் என்று பெயர்தானே தவிர, நம் தூத்துக்குடியில் பனிக்கட்டி எங்கே பெய்கிறது? கொடைக்கானலில் இருப்பவர்களுக்கல்லவா இந்தக் கவலை?" என்று தோழியர் சிலர் கேட்கலாம். உண்மைதான். நம் ஊரில் தை மாத விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும், கைகால்கள் வெள்ளை பூப்பதையும், உதடு வெடிப்பதையும், குதிகால் பிளப்பதையும் நாம் காண்கின்றோம் அன்றோ? இதற்குக் காரணம் என்ன?

விடையை நம் உப்பளங்களிலேயே காணலாம். பாத்தியில் கட்டிய கடல்நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக வற்றிய பின்பே உப்பு விளையத் தொடங்குகிறது. அந்நீரை வற்றச் செய்வது வெயில் மட்டுமன்று, காற்றும்தான். மழை ஓய்ந்தபின் வீசும் வாடைக்காற்று, பாத்தியிலிருந்து நீரை எடுப்பது போலவே நம் தோலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது.

மேல்தோலின் செல்கள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு இடையிலுள்ள கொழுப்புப் பொருள் சாந்து போல அவற்றை இணைத்து, நீரைத் தடுத்து நிறுத்துகிறது. இதற்கு மேல் எண்ணெய்ச் சுரப்பிகள் சுரக்கும் எண்ணெயும் மெல்லிய பூச்சாகப் படிந்துள்ளது. ஆனால், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பிகளே இல்லை! ஆகவேதான் தடித்த குதிகால் முதலில் வெடிக்கிறது. நாம் அதைப் "பித்தவெடிப்பு" என்கிறோம். உண்மையில் பித்தத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. வறட்சியும், வெறுங்காலுடன் நெடுநேரம் நிற்பதுமே முக்கியக் காரணங்கள்.

இனி, நாம் கடைப்பிடிக்க வேண்டிய வழிகளைக் காண்போம்.

1. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நெடுநேரம் குளிக்கலாகாது. வெந்நீரும் சோப்பும் சேர்ந்து தோலின் கொழுப்பைக் கரைத்துவிடும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடங்களுக்குள் குளித்து முடிப்பது நலம்.

2. உவர்நீரில் சோப்பு நுரைக்காமல் திட்டுத்திட்டாகத் தோலில் படியும். எனவே, சோப்பைக் குறைவாகப் பயன்படுத்தி, இறுதியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

3. எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் சீயக்காய் அதில் பெரும்பகுதியை எடுத்துவிடும். ஆகவே, குளித்தபின் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் சில துளிகள் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்து 2004-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்ல பயன் தருவதாகக் கூறுகிறது. அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ 1872-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற வாசலினும் நீரைக் காப்பதில் சிறந்தது.

4. உதட்டை நாவால் நனைக்கக் கூடாது. எச்சில் உலரும்போது வறட்சி மேலும் கூடும்.

5. குதிகால் வெடிப்புக்குக் கல்லுப்புப் போட்ட வெந்நீரில் காலை வைப்பது பலர் வழக்கம். உப்பு வறட்சியை மிகுவிக்கும். வெறும் வெதுவெதுப்பான நீரே போதும். பின்பு மென்மையாகத் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவி, பருத்திக் காலுறை அணிந்து உறங்கலாம். வெடிப்பில் சுண்ணாம்போ மண்ணெண்ணெயோ வைப்பது ஆபத்தாகும்.

வெடிப்பு சிறிதென்று அசட்டை செய்யலாகாது. என் சித்தி உப்பளத்தில் வேலை செய்கிறார். மழை முடிந்து பாத்திகளைச் சீர்செய்யும் வேலை தை மாதத்தில்தான் தொடங்கும். தோல் மிக வறண்டிருக்கும் அதே காலத்தில் அவர் கால்கள் நாள் முழுதும் உப்புச் சேற்றில் இருக்கும். சென்ற ஆண்டு அவர் குதிகால் வெடிப்பில் சீழ் பிடித்தது. பத்து நாள்கள் வேலைக்குச் செல்ல இயலவில்லை. பத்து நாள் கூலியும் போயிற்று. வேலை முடிந்தவுடன் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, எண்ணெய் தடவுமாறு மருத்துவர் கூறினார். இப்போது சித்தியின் பையில் சாப்பாட்டுத் தூக்குடன் ஒரு சிறு எண்ணெய்ப் புட்டியும் இருக்கிறது. இவ்வாண்டு வெடிப்பு ஆழமாகவில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சூடும் புண்ணும் அவர்களுக்குத் தெரியாமல் போகும். ஆதலால், அவர்கள் காலை வெந்நீரில் ஊறவைக்காமல், நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்தம், வீக்கம், சீழ் கண்டால் எவராயினும் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

தோழியரே! தோலைப் பேணுதல் வேறு. சிவப்பாக விரும்புதல் வேறு. நம் தோலின் கருமை, மெலனின் என்னும் நிறப்பொருள் வெயிலுக்குப் பிடித்த குடையாகும். நிறம் மாற்ற விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்துள்ளது. அது நாளடைவில் தோலை மெலியச் செய்யும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணையிட்டது.

தோலைக் காக்கப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு செம்பு நல்ல தண்ணீரும், சில துளி எண்ணெயும், சிறிது அக்கறையுமே போதும். இன்றிரவு நம் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கும் முன், நமக்காக உழைத்துத் திரும்பும் அன்னையரின் பாதங்களை ஒருமுறை பார்ப்போம். எண்ணெய்க் கிண்ணத்தை முதலில் அவர்கள் பக்கம் நகர்த்துவோம்.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு