பழைய மோட்டாருக்கும் ஜாதகம் உண்டு

காஞ்சிபுரத்தில் பட்டின் தரமறிந்தவர்கள் சரிகையின் பளபளப்பை மட்டும் நம்புவதில்லை. ஓர் இழையைச் சுரண்டி, மேற்பூச்சுக்கு அடியில் சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்த்த பிறகே பணப் பையைத் திறப்பார்கள். அருகிலுள்ள கூரம் கிராமத்தாருக்கும் இந்த ஜாக்கிரதை புதிதன்று. ஆனால் இவர்களே, சிறுகச் சிறுகச் சேர்த்த இரண்டு மூன்று லட்ச ரூபாயுடன் பழைய மோட்டார் வாங்கப் போகும்போது, புதுச் சாயத்தையும் மீட்டரில் தெரியும் கிலோமீட்டர்க் கணக்கையும் கண்டு மயங்கிவிடுகிறார்களே, இஃது என்ன விந்தை!

மீட்டரின் வாக்கு அரிச்சந்திரன் வாக்கு அன்று. முன்பெல்லாம் அதன் எண் சக்கரங்களைப் பின்னுக்குத் திருப்பினார்கள். இப்போது மின்னணு மீட்டரை ஒரு சிறு கருவியைக் கொண்டே திருத்திவிடுகிறார்கள். 1,20,000 கிலோமீட்டர் ஓடிக் களைத்த வண்டி, 45,000 மட்டுமே ஓடிய இளங்குமரியாக நம்முன் வந்து நிற்கிறது.

ஆகவே, நேயர்கள் முதலில் கேட்க வேண்டியது வண்டியின் ஜாதகத்தை. அதாவது அதன் சர்வீஸ் பதிவுகளை. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறைக்கு வண்டி போகும்போதெல்லாம் தேதியும், ஓடிய தூரமும், மாற்றிய உறுப்புகளும் பதிவாகின்றன. கைப்புத்தகம் தொலைந்துபோயிற்று என்று விற்பவர் சொன்னாலும் பாதகமில்லை. பட்டறையின் கம்ப்யூட்டரில் கணக்கு இருக்கும். அவரையும் உடன் அழைத்துக்கொண்டு போய், வண்டி எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். வர மறுப்பவரிடம் மேற்கொண்டு விலை பேசுவது வீண் வேலை.

அந்தப் பதிவை வாசிப்பதில் ஒரு முறை உண்டு. தேதி ஏற ஏறத் தூரமும் ஏற வேண்டும். 2021-ஆம் ஆண்டில் 62,000 என்று எழுதியிருக்க, இன்று மீட்டர் 48,000 காட்டுமானால் வேறு சாட்சியமே வேண்டுவதில்லை. இடைவெளிகளும் பேசும். வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவன் இரண்டு மாதம் காணாமற்போனால் நாம் காரணம் கேட்காமல் விடுவோமா? கைப்புத்தகம் முழுவதும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தாலும் சந்தேகப்பட வேண்டியதே. ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒரு மாதத்துக் கையெழுத்துப் பயிற்சியையும் எழுதித் தீர்க்கும் பிள்ளைகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

கூரத்துக்கு இத்தகைய கணக்கு மிகப் பழைய விஷயம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கூரம் செப்பேடு, தானமாகக் கொடுத்த கிராமத்தை 25 பங்குகளாக்கி, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு வைத்தது. கோயிலின் பூஜையோடு பழுதுபார்க்கும் செலவையும் மறவாமல் அதற்கும் பங்கு ஒதுக்கியது. கோயிலுக்கே பழுது உண்டென்று செம்பில் எழுதிய ஊரில், மோட்டாருக்குப் பழுதே வந்ததில்லை என்று ஒரு தரகர் சொல்வதை எப்படி நம்புவது?

இவ்வட்டாரத்தில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை 2015 டிசம்பர், 2023 டிசம்பர் ஆகிய இரண்டு மாதங்கள். முன்னதில் பெருமழை, பின்னதில் மிக்ஜாம் புயல். சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் எண்ணற்ற மோட்டார்கள் வெள்ளத்தில் மூழ்கின. அவற்றில் பல ஏலத்துக்குப் போயின. மூழ்கிய வண்டியைக் கழுவி, மெத்தையை மாற்றி மினுக்கிவிடலாம். மின் கம்பிகளின் இணைப்புகளில் புகுந்த ஈரமோ மாதக்கணக்கில் மெள்ள அரித்துக்கொண்டேயிருக்கும். அந்த டிசம்பருக்குப் பிறகு பதிவில் பெரிய செலவு காணப்பட்டாலும், அல்லது அத்துடன் பதிவே நின்றுபோயிருந்தாலும், ஸீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தங்கியிருப்பதுண்டு.

இன்ஷூரன்ஸ் பத்திரமும் உளவு சொல்லும். நஷ்ட ஈடு கோராத உடைமையாளருக்கு ஆண்டுதோறும் உயரும் தள்ளுபடி, 20 சதவிகிதத்தில் தொடங்கி 50 வரை போகும். ஈடு கோரினால் பொதுவாகப் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பல வருஷம் ஒருவரே வைத்திருந்த வண்டிக்குத் தள்ளுபடி பூஜ்யமாயிருந்தால், எதற்காக ஈடு வாங்கினார் என்று விசாரிக்கலாம். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களும் உதவும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது.

2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் என்ஜினுக்கு அது ஜாமீன் ஆகாது.

உள்ளூர் மெக்கானிக்கிடமே வண்டியை விட்டுவந்தவர்களை நாம் குறை சொல்லவில்லை. கம்பெனி உத்தரவாதம் முடிந்தபின் பலர் செய்வது அதுவே. அவர்களிடம் ஆயில், கிளட்ச், பிரேக் வாங்கிய ரசீதுகளைக் கேட்கலாம். மெக்கானிக்கையும் நேரில் கண்டு பேசலாம். டைமிங் பெல்ட் உள்ள வண்டியானால், அதை மாற்ற வேண்டிய தூரம் கம்பெனிக் கையேட்டில் இருக்கும். அந்தத் தூரம் கடந்தும் மாற்றிய ரசீது இல்லையெனில், புதுப் பெல்ட்டின் விலையையும் கூலியையும் பட்டறையில் கேட்டறிந்து, விற்பவர் சொல்லும் தொகையிலிருந்து கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்கலாம்.